தபால்காரர் கையில் கொடுக்க வேண்டிய மொத்தம்

முகம் பார்க்காத மனிதர்களுக்கு, அவர்கள் கண்ணால் பார்க்காத சரக்கைத் தபாலில் விற்பது என் தொழில். இதே தொழிலில் இருக்கிற அன்பர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த முதல் வரியிலேயே ஒரு பெருமூச்சு விட்டிருப்பார்கள். விட்டுக்கொள்ளட்டும். பழத்தை அழுகாமல் கட்டிவிடலாம், தைலத்தைச் சிந்தாமல் அடைத்துவிடலாம். 'எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?' என்ற கேள்விக்கு, வாங்குகிறவருக்குப் புரிகிற மாதிரி பதில் எழுதுவது இருக்கிறதே, அதுதான் நம் தொழிலில் பாதி.

எங்கள் கடை கோடைக்கானல் பஜாரில். முதலாளி காதர் ராவுத்தர். பேரிக்காய், பிளம்ஸ், யூகலிப்டஸ் தைலம், மலைத்தேன், டேலியாப் பூச்செடிக் கிழங்கு என்று மலையில் விளைகிறதெல்லாம் ஊர் ஊராக அனுப்புவோம். தைலமும் தேனும் தபாலில் வி.பி.யாகப் போகும். தபால்காரர் சரக்கைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வார், அது எங்களுக்கு வந்து சேரும். பழக்கூடை பஸ்ஸில் மலை இறங்கி, கோடை ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறும். கூடை கட்டுவது செண்பகனூர் சவரிமுத்து அண்ணன். வாங்குகிறவர் நிரப்பி அனுப்புகிற ஆர்டர் பாரம் எழுதுவதும் கூலிக் கணக்குப் போடுவதும் நான். பழனியிலிருந்து மலையேறி வந்தவன். குளிருக்குப் பழக எனக்கு நாளாயிற்று. ஆனால் பாரம் எழுதுவதில் இந்த மலையில் மாணிக்கம் என்கிற என்னை மிஞ்ச ஆளில்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

கூலி தனி

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, யாரோ எப்போதோ எழுதி அச்சடித்த பாரம் ஒரு கட்டு கடையில் இருந்தது. கூடைக்கு என்ன விலை என்று போட்டு, பக்கத்தில் 'ரயில் கூலி தனி' என்று மூன்றே சொல்லில் முடித்திருந்தார்கள். எழுதினவருக்குப் புரிந்திருக்கும். கடையில் இருந்த எங்களுக்கும் புரிந்தது. அதனால் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

மன்னார்குடிப் பக்கம் ஒரு மிராசுதார் முதல்முறையாக ஒரு கூடை பேரிக்காய்க்கு எழுதினார். அனுப்பினோம். ஸ்டேஷனில் கேட்ட பணத்தைக் கட்டிக் கூடையை எடுத்துப் போயிருக்கிறார். அதற்கு ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, கோபமே இல்லை. பழம் பிரமாதம் என்று பாராட்டியிருந்தார். கூடையைப் பிரித்துப் பழத்தை அடுக்கிக் கொடுக்க மலையிலிருந்து ரயிலில் ஒரு கூலி தனியாக வருவார் என்று எண்ணி, வீட்டில் அவருக்கும் சேர்த்துச் சமைத்து வைத்திருந்தார்களாம். கடிதம் இப்படி முடிந்திருந்தது: "அவர் இன்னும் வந்து சேரவில்லை. வழி தெரியாமல் வேறு ஸ்டேஷனில் இறங்கிவிட்டாரோ என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள்."

ரயில் போகிற ஊர்

மிச்சப் பாரங்களை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு நான் புதிதாக எழுத உட்கார்ந்தேன். 'ரயிலில் அனுப்பும் கட்டணத்தை ஸ்டேஷனில் தாங்கள் செலுத்த வேண்டும்' என்று முழு வாக்கியமாகவே போட்டேன். இடையில், பழைய பாரத்தில் இருந்த 'தங்கள் ஊரில் ரயில் வசதி உண்டா?' என்ற கேள்வியில் ஒரு குறையும் தெரியவில்லை. அதை அப்படியே வைத்தேன்.

கோவில்பட்டிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பருத்தி வியாபாரி பிளம்ஸ் கேட்டு எழுதினார். புது மாப்பிள்ளை மகளோடு மறுவீட்டுக்கு வருகிறார், அதற்காக. ரயில் வசதிக்கு எதிரே 'தினமும் உண்டு' என்று எழுதியிருந்தார். கூடை அவர் ஊர் வழியாகத்தான் போயிற்று, ஆனால் நிற்காமல் போயிற்று. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, அங்கே கிடந்து, அவருக்குத் தகவல் தெரிந்து மாட்டு வண்டி போய் எடுத்து வருவதற்குள் மாப்பிள்ளை விருந்து முடிந்து கிளம்பிவிட்டார். கூடைக்குள் பிளம்ஸ் எது, வைக்கோல் எது என்று தெரியாமல் ஒன்றாகிக் கிடந்திருக்கிறது.

சீசனில் அந்த வியாபாரியே குடும்பத்தோடு கோடைக்கானல் வந்தார். நேரே கடைக்கு வந்து, எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சண்டை வரும் என்று முதலாளி டீ சொல்லி அனுப்பினார். அவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, என் பாரத்தை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தார். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, 'ரயில் நின்று சரக்கு இறக்கும் ஸ்டேஷன்' என்று போட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ரயில் உண்டான்னு கேட்டீக, உண்டுன்னேன். நிக்குதான்னு கேட்டிருந்தா நிக்காதுன்னு சொல்லியிருப்பேம்லா."

சாத்தூர் டீச்சர்

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர் இராசம்மாள். தாயாருக்கு முழங்கால் வலி என்று ஒரு புட்டி தைலத்துக்கு எழுதியிருந்தார். வி.பி. அனுப்பினோம். சில நாளில் பார்சல் 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. வி.பி. திரும்பி வருவது உங்களுக்கும் பழகின துக்கம்தான். போகிற செலவும் நம் தலையில், திரும்புகிற செலவும் நம் தலையில். முதலாளி புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உடையவில்லை என்று ஆறுதல் பட்டுக்கொண்டு அலமாரியில் வைத்தார்.

மறுநாள் டீச்சரின் கடிதம் வந்தது. பாரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த விலையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். தபால்காரர் வாசலில் நின்று அதற்கு மேல் ஒரு தொகையைச் சொன்னார். வீட்டில் அவ்வளவு இல்லை. அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்தார்கள். 'பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு ஒரு புட்டி தைலத்தின் கணக்குத் தெரியவில்லை என்று தெருவில் பேசினார்கள். தபால் செலவும் வி.பி. கமிஷனும் சேரும் என்று அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் பிறகு பார்த்தேன். எவ்வளவு என்று அதில் இல்லை. எவ்வளவு என்று சொல்லாத எழுத்தை எதற்காக அச்சடித்தீர்கள்?' என்று கேட்டிருந்தார்.

முதலாளி கடிதத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். 

"அந்தம்மா கேக்குறது நாயந்தானே?" என்றார்.

"நாயந்தாங்க மொதலாளி. மொத்தமா எவ்வளவுன்னு நம்மளே போட்டுருவோம். தபால்காரர் கேக்குறதும் நம்ம பாரத்துல இருக்குறதும் ஒண்ணா இருக்கணும்."

"எப்படிப் போடுவ? ஊருக்கு ஊரு செலவு மாறுதே."

"தபாலுக்குத் தூரமே கெடையாதுங்க, எடைதான். சாத்தூருக்கும் மெட்ராசுக்கும் புட்டிக்கு ஒரே செலவு. பழத்துக்குத்தான் தூரம். அதை மூணு பிரிவாப் பிரிச்சிருவோம். மதுர, திண்டுக்கல்லு பக்கம் ஒரு வெலை. திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலிக்கு ஒரு வெலை. மெட்ராசும் அதுக்கு மேலயும் ஒரு வெலை. கூலியை நம்மளே இங்க கட்டி அனுப்பிருவோம்."

"கூலி ஏறிப்போச்சுன்னா?"

"நம்ம பொறுப்புங்க."

"வெலை கூடுதலாத் தெரியும். ஆளுக ஆர்டர் எழுத மாட்டாங்க."

"எழுதுவாங்க மொதலாளி."

எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், கணக்கு சரியாக வரும் என்ற தைரியம்தான். எடை எடையாகப் பிரித்து, புட்டி, கட்டு அட்டை, கயிறு உள்பட நிறுத்துப் பார்த்து, ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே ஒரே ஒரு தொகை எழுதினேன். அதற்கு மேலே 'தபால்காரர் கையில் கொடுக்க வேண்டிய மொத்தம்' என்று தலைப்புப் போட்டேன். பழத்துக்கு 'வீடு சேரும் வரை மொத்தம்' என்று எழுதப் போய், மாட்டு வண்டி ஞாபகம் வந்து, 'ஸ்டேஷன் சேரும் வரை மொத்தம்' என்று திருத்தினேன். கையால் எழுதின முதல் படியைச் சாத்தூருக்குத்தான் அனுப்பினோம். டீச்சர் உடனே எழுதிவிடவில்லை. அவர் இனி எழுத மாட்டார் என்று முதலாளி கையை விரித்த பிறகுதான் ஆர்டர் வந்தது. புட்டி போயிற்று. இந்தத் தடவை திரும்பி வரவில்லை; கடிதம்தான் வந்தது: "தபால்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே தொகையை நான் சொன்னேன். அவர்தான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரு முழுவதும் பார்த்தது."

மயில் போட்ட பாரம்

புதுப் பாரத்தை அச்சடிக்கப் பழனிக்குப் போனேன். எனக்குத் தெரிந்த அச்சுக்கூடம் நாயுடுவுடையது. மொத்தத் தொகை பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், பொடி எழுத்தே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். நாயுடுவிடம் இருந்த பெரிய எழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கினது. "அது ஒண்ணுதாங்க பெருசு" என்று அதையே அச்சுக் கோத்தார். வெறும் தாள் மொட்டையாக இருக்கிறது என்று, நான் கேட்காமலே நாலு மூலையிலும் மயிலும் சுற்றிக் கொடியும் வைத்து, மஞ்சள் காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அத்தனை காகிதத்தையும் மறுபடி வாங்க முதலாளி சம்மதிக்க மாட்டார் என்று தெரியும். எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டேன்.

பாரங்கள் தபாலில் போயின. ஆர்டர்கள் வரத் தொடங்கின. நடுவே சிவகங்கையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற தாசில்தாரின் மணியார்டர் வந்தது. ஒரு ரூபாய். என்ன சரக்கு வேண்டும் என்று இல்லை. ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு எதை அனுப்புவது என்று நானும் சவரிமுத்து அண்ணனும் விழித்தோம். மணியார்டர் சீட்டின் அடியில் இருந்த துண்டைக் கடைசியில்தான் கவனித்தோம். அவர் எழுதியிருந்தது: "தங்கள் அழைப்பு கிடைத்தது. முதுமை காரணமாக மலையேற இயலவில்லை. மொய் ஏற்றுக்கொள்ளவும். மணமக்கள் பெயர் அச்சில் விடுபட்டிருக்கிறது, கவனிக்கவும்."

எதிர்க்கடை

முதலாளி பயந்தது நடக்காமல் இல்லை. பஜாரில் எங்களுக்கு எதிர்வரிசையில் இன்னொரு பழக்கடை இருந்தது. அவர்களும் தபாலில் விற்றார்கள். எங்கள் மொத்த விலை வெளியே தெரிந்ததும், அவர்கள் வெறும் பழத்தின் விலையை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுப் பாரம் அனுப்பினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாங்கள் கொள்ளைக்காரர்கள் மாதிரி இருக்கும். அந்த சீசனின் தொடக்கத்தில் எங்களுக்கு ஆர்டர் பாதியாயிற்று. சவரிமுத்து அண்ணன் கட்டக் கூடை இல்லாமல் வாசலில் நின்று வெயில் காய்ந்தார். முதலாளி என் பக்கம் பார்த்தார்.  "ஒரு சுத்து போகட்டுங்க மொதலாளி, அவங்க கூடை போய்ச் சேர்ந்ததும் நம்ம ஆளுக திரும்பிருவாங்க" என்றேன்.

தேவகோட்டையில் பெரிய வீட்டு ஆச்சி ஒருவர் வருஷா வருஷம் எங்களிடம் பழம் வாங்குகிறவர். அந்த வருஷம் எதிர்க்கடைக்குப் போனார். ஆடி மாதத்தில் அவர் வீட்டுக் கணக்கப்பிள்ளை வேறு வேலையாக மலைக்கு வந்தவர், எங்கள் கடையில் நுழைந்து, பழைய கணக்குப்படியே கூடை போடச் சொன்னார். ஏன், அங்கே விலை குறைவாயிற்றே என்று முதலாளி கேட்டார். கணக்கப்பிள்ளை தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவுக வெலை கொறைச்சல்தான் ராவுத்தரே. ஸ்டேஷன்ல ஒரு செலவு, கூடைக்கு ஒரு செலவு, பஸ்ஸுக்கு ஒரு செலவுன்னு ஒண்ணு ஒண்ணா வருது. கடைசி வெலை என்னன்னு அவுகளுக்கே தெரியாது, ஆச்சிக்கு நான் என்னத்தச் சொல்ல?"

துரைசாணி

ஏரிக்கரை பங்களா ஒன்றில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவருக்குத் தமிழ் படிக்க ஆசை. முன்ஷி வைத்துக் கற்றுக்கொண்டிருந்தார். ஊட்டியில் இருந்த தங்கைக்கு டேலியாக் கிழங்கு அனுப்ப வேண்டும் என்று கடைக்கு வந்தார். ஆங்கிலத்தில் சொன்னாலே எழுதிக்கொள்வேன் என்றேன். கேட்கவில்லை. தமிழ்ப் பாரம்தான் வேண்டும் என்று வாங்கி, எழுத்துக் கூட்டி ஒரு வரி விடாமல் படித்து, ஒரு கட்டம் விடாமல் நிரப்பினார். என் பாரத்தை முழுவதும் படித்த முதல் மனிதர் அவர்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் போன பிறகு பார்த்தால், 'கடை உபயோகத்துக்கு மட்டும்' என்று அடியில் நாங்கள் விட்டிருந்த கட்டங்களையும் நிரப்பியிருந்தார். 'கட்டுபவர் கையெழுத்து' என்ற இடத்தில் அழகாகத் தன் பெயரை எழுதியிருந்தார். பாரத்தைச் சவரிமுத்து அண்ணனிடம் காட்டினேன். அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்போ எனக்குச் சோலி இல்லை. துரைசாணி வெள்ளனே வந்து கட்டிருவாக."

மழை

பாரத்தின் கடைசியில், முதலாளி யோசித்து யோசித்துச் சம்மதித்த ஒரு வரி உண்டு. 'குறித்த நாளில் ஸ்டேஷன் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. போட்ட தொகைக்கு மேல் எக்காரணம் கொண்டும் கேட்க மாட்டோம்.' எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

ஒரு ஐப்பசி. பேரிக்காயின் கடைசிப் பறிப்பு. மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகள் கல்யாணத்துக்குப் பெரிய ஆர்டர். சீர்த்தட்டில் வைக்க மலைப்பழம்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருந்தார்களாம். கூடையெல்லாம் கட்டி முடித்த அன்று மழை பிடித்தது. மறுநாள் காலை மலை ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்க்கடைக்காரர்கள், வழி அடைத்துவிட்டது, சரக்கு தாமதமாகும், செலவும் கூடும் என்று தந்தி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நியாயமான காரணம்தான். நாங்களும் அப்படிச் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலாளி கூடைகளைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். "பாரத்துல என்ன போட்டுருக்க?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை. நான் அந்த வரியைப் படித்தேன். "எக்காரணம் கொண்டும்னா மழையும்தானே?" என்றார். "மழையும்தாங்க" என்றேன். சவரிமுத்து அண்ணன் நடுவில் புகுந்தார். "பழைய பாதை இருக்குல்ல மொதலாளி. செண்பகனூர் தாண்டி வெள்ளகவி வழியா எறங்குனா பெரியகுளம். பஸ்ஸு வர்றதுக்கு முந்தி எல்லாம் அப்படித்தானே ஏறுச்சு. வெரசாக் கெளம்பணும்." ஆட்களுக்குக் கொடுக்கிற கூலியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லாபம் முழுவதும் போய், கையிலிருந்தும் கொஞ்சம் போகும். சொன்னேன். "அது நம்ம கணக்கு. மதுரக்காரருக்கு எதுக்கு?" என்றார் முதலாளி.

செண்பகனூரில் ஆள் திரட்டி, தலைக்கு ஒரு கூடையாகக் கிளம்பினோம். எல்லாருக்கும் மேலே மழைக்குச் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி. நானும் போனேன், ஸ்டேஷனில் ரசீது வாங்க ஒருவன் வேண்டுமே. பாதை வாய்க்காலாக ஓடியது. நிற்கிற இடத்தில் எல்லாம் காலில் அட்டை ஏறியது. ஒரு சரிவில் முன்னால் போனவர் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். விழுகிற வேகத்திலும் கூடையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்திருந்தார். சவரிமுத்து அண்ணன் ஓடிப்போய் முதலில் கூடையை வாங்கினார், பிறகு மனிதரைத் தூக்கினார். விழுந்தவரே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் எழுதின ஒரு வரிக்காக இத்தனை பேர் மழையில் இறங்குகிறார்கள் என்ற நினைப்பு வழியெல்லாம் கூடவே வந்தது. கூடைகள் அடிவாரத்தில் மாட்டு வண்டி ஏறி, தேனி ஸ்டேஷனில் ரயிலில் ஏறி, நான் ரசீதை வாங்கி மடியில் கட்டிக்கொண்ட பிறகுதான் அந்த நினைப்பு விட்டது. அப்புறம் பெருமையாக இருந்தது. இப்போதும் பெருமைதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாளே பழம் மதுரை சேர்ந்துவிட்டது. ஒரு நல்ல வார்த்தை எழுதுவார், அதை அடுத்த பாரத்தில் அச்சடித்துவிடலாம் என்று நானும் முதலாளியும் தபால் வருகிற நேரமெல்லாம் வாசலைப் பார்த்தோம். கடைசியில் கார்டு வந்தது. முதலாளி வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைக்குள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்: "பழம் குறித்த நாளில் வந்தது. சந்தோஷம். கூடையின் அடிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது. அடுத்த தடவை தண்ணீர் தெளிக்காமல் அனுப்பவும்."

எங்கள் பாரத்தில் இப்போது விலை, கூலி, ஸ்டேஷன், பொறுப்பு எல்லாம் ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல் பெரிய எழுத்தில் இருக்கிறது. இனி வாங்குகிறவர்கள் அதைப் படிப்பது ஒன்றுதான் பாக்கி.